சிக்னல் கேமராவில் விழுந்த முகங்கள்

கேமரா படம் எடுத்து அனுப்பிவிடும். அதை நம்பலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்.

பதினான்கு வருஷம் ரோட்டில் நின்ற போலீஸ்காரி நான். ஒரு நாள் மினி லாரி ஒன்று பார்க்காமல் பின்னால் எடுத்ததில் வலது பாதம் நசுங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முன்போல வெயிலில் மணிக்கணக்காக நிற்க முடியவில்லை என்பதால் கேமரா அறையில் உட்கார வைத்தார்கள். ஹெல்மெட் இல்லாதவர், சிவப்பு விழுந்த பிறகு தாண்டியவர், மூன்று பேராகப் போனவர், போனைக் காதில் வைத்திருந்தவர் என்று சந்திப்புகளில் இருக்கும் கேமராக்கள் தாமாகவே படம் பிடித்து அனுப்பும். படத்தையும் நம்பர் பிளேட்டையும் நான் ஒரு முறை பார்க்க வேண்டும். சரி என்றால் ஒரு பொத்தான், தப்பு என்றால் இன்னொரு பொத்தான். சரி என்று அமுக்கினால் அடுத்த நிமிஷம் வண்டிக்காரர் போனில் அபராத மெசேஜ் போய் நிற்கும்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் அந்த மெசேஜ் வந்திருக்கும். 'எவன் இத அனுப்பினான்' என்று கேட்டிருப்பீர்கள். எவனும் இல்லை, நான்தான். துணைக்கு ஓர் ஏட்டையா உண்டு. மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலைத் திறப்போம். 'இது நான் இல்லை' என்று சொல்ல வருகிறவர்கள் அப்போது வந்து நிற்பார்கள். சத்தம் போட்டவர்களை அன்று சாயங்காலமே மறந்துவிடுவேன். சத்தம் போடாதவர்கள்தான் மனசில் கிடக்கிறார்கள்.

முகத்தில் இருந்த கை

தோவாளையில் பூ எடுத்து நாகர்கோவில் கடைகளுக்குக் கொண்டு கொடுக்கிறவர் ஒருவர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். சட்டையெல்லாம் பிச்சிப்பூ வாசம். படத்தில் அவர் மொபெட்டில் வருகிறார். முன்னால் பூச்சாக்கு. இடது கை முகத்தோடு சேர்ந்து இருக்கிறது. போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று கணினி குறித்திருந்தது, நானும் சரி என்று அமுக்கியிருந்தேன். "அன்னைக்கு என்ட்ட போனே இல்ல மேடம், வீட்டுல சார்ஜ்ல கெடந்துது" என்றார். எல்லாரும் சொல்வதுதான். இருந்தாலும் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. உள்ளங்கை கண்ணுக்குக் கீழே அழுந்தியிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"கண்ணுல தூசி விழுந்துட்டா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று காலையில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் சோதனை முடிவு வந்திருக்கிறது. டாக்டர் இவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்து மனைவியிடம் வயிற்றில் புண், மருந்து தின்றால் மாறிவிடும் என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, பூ வாடும் முன்னே கடைகளில் சேர்க்கக் கிளம்பியிருக்கிறார். அந்தச் சந்திப்பு வரைக்கும்தான் அடக்க முடிந்திருக்கிறது.

அபராதத்தை ரத்து செய்தால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணமும் மெசேஜில் போகும். 'போன் இல்லை, அழுததால் கண்ணைத் துடைத்தார்' என்று நான் தட்டுவதை அவர் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டார். "அழுதேன்னு மட்டும் எழுதிராதிய மேடம். வேற என்ன வேணும்னாலும் எழுதுங்க. வீட்டுல மெசேஜ வாசிக்கது அவதான்."

மூன்றா, எட்டா

நம்பர் பிளேட்டில் சேறு ஒட்டியிருந்தால் மூன்று எட்டாகிவிடும். கணினியும் ஏமாறும், அவசரத்தில் நானும் ஏமாறுவேன். அப்படி ஒரு மெசேஜ் சுசீந்திரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. ஓர் அம்மா வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய ஸ்கூட்டர் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அவருடைய போனுக்கு மட்டும் இந்த அம்மா மாசாமாசம் காசு போட்டு, சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறார். அந்தப் போனுக்குத்தான், காலை ஒன்பது மணிக்கு ஹெல்மெட் இல்லாமல் போனீர்கள் என்று நான் அனுப்பியிருக்கிறேன்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே நிறத்தில் வேறொரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவன் கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி வீட்டுலதான் நிக்குன்னா போன்லயே சொல்லிருக்கலாமே, ரெண்டு பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரணுமா?" என்றேன். அவர் கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வாறேன், தப்புன்னு தெரியும். இருந்தாலும் அவரு பேருல ஒரு படம் இருக்குன்னு சொன்னா எப்பிடிப் பாக்காம இருக்க?"

ஏழு படங்கள்

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

டைல்ஸ் கடையில் வேலை பார்த்த பையன், இருபத்து நாலு வயசு. பழைய பைக் ஒன்று வாங்கியிருந்தான். பேர் மாற்றவில்லை. நாலு மாசத்தில் ஏழு தடவை ஒரே சந்திப்பில், ஒரே நேரத்தில், ஹெல்மெட் இல்லாமல் கேமராவில் விழுந்தான். ஏழு தடவையும் நான் பார்த்தேன், சரி என்று அமுக்கினேன். ஏழு மெசேஜும் வண்டியை விற்றுவிட்டு வளைகுடாவுக்குப் போன பழைய சொந்தக்காரரின் அணைந்துபோன நம்பருக்குப் போயின. பையனுக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு ஒரு நாள் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி விழுந்தான். யாரும் மோதவில்லை. உடம்பில் வேறு எங்கும் காயம் இல்லை, தலையில் மட்டும்தான்.

வண்டியைக் கைமாற்றப் போன இடத்தில், அபராதம் ஏழு பாக்கி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைத் தீர்க்கத்தான் அவனுடைய அம்மா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு விஷயம் தெரியாது. வழக்கம்போல "ஆள் வரலியா?" என்று கேட்டேன். தம்பிக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா, படங்களைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார். திரையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். முதல் படத்தில் நீலச்சட்டை. "இந்தச் சட்ட பொங்கலுக்கு எடுத்தது" என்றார். நாலாவதில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். ஏழாவதில் முடி வெட்டியிருந்தான். "முந்தினத காட்டு" என்றார். காட்டினேன். மறுபடியும் முதலிலிருந்து காட்டச் சொன்னார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சரிபார்த்தவர் என்று என் பெயர் இருந்தது. அதை அவர் வாசிப்பது எனக்குத் தெரிந்தது.

அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "இது நீதானா?" என்று பெயரைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ஏழு தடவ எம்பிள்ளைக்க மொகத்தப் பாத்திருக்கியே மக்களே, ஒரு தடவ கூப்பிட்டுச் சொல்லப்பிடாதா?"

ஏட்டையாவின் மச்சினன்

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஏட்டையாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் திரையில் தனக்குத் தெரிந்தவர் முகம் வந்தால், டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்துபோய்விடுவார். நான் அமுக்கினால் அவர்மேல் பழி இல்லை. ஒரு நாள் காலையில் அவருடைய மனைவியின் தம்பி ஹெல்மெட் இல்லாமல் வந்து விழுந்தான். ஏட்டையா எழுந்திருக்கவில்லை. அவரே அமுக்கினார். அதோடு விடாமல் போனைப் போட்டு அறை அதிரத் திட்டினார். மச்சினன் கோபித்துக்கொண்டு ஏட்டையாவின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வரவில்லை. தம்பி வராத வீட்டில் அவர் மனைவியும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. "சொல்லி மட்டும் விட்டிருக்கலாம், அமுக்காம இருந்திருக்கலாமே ஏட்டையா" என்றேன். "கோவிச்சிட்டுப் போட்டும். உயிரோட இருந்து கோவப்படட்டும், எனக்கு அது போதும்."

பேங்கிலிருந்து பேசவில்லை

மூன்று தடவைக்கு மேல் ஒரே முகம் வந்தால் நானே கூப்பிட்டுச் சொல்வது என்று முடிவெடுத்தேன். மெசேஜ் போகிற நம்பருக்குக் கூப்பிட்டு, வண்டி யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த ஆளிடம் பேசுவேன். பாதிப் பேர், போலீஸ் என்று சொன்னதும் வைத்துவிடுவார்கள். ஒருவர், "நீ போலீஸுன்னா நான் கலெக்டரு" என்றார். இன்னொரு வீட்டில் என்னைப் பேச விட்டுவிட்டு, வேறொரு போனில் உண்மையான போலீஸைக் கூப்பிட்டு என்மேலேயே புகார் சொல்லியிருக்கிறார்கள். மேலதிகாரி என்னை அழைத்தார். "படத்தப் பாக்கதுதான் ஒன் வேல. ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல ஒனக்கு ஆர்டர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வெகுநேரம் ஏதோ கோப்பைப் புரட்டினார். கடைசியில், ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம் என்றார்.

கோட்டாறில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு ஆனவர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன், ம் கொட்டினார். நான் பார்த்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னேன், அதற்கும் ம் கொட்டினார். இவர் ஒருவராவது கேட்டாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. "பிள்ளே, நீ நல்லாத்தான் பேசுக. ஆனா ஓ.டி.பி. நம்பர் மட்டும் நான் சொல்லமாட்டேன், கேட்டியா?"

பதினோரு விநாடி

எங்கள் படங்கள் எப்போதாவது கோர்ட்டுக்கும் போகும். ஒரு சந்திப்பில் மீன் ஏற்றி வந்த டெம்போவும் ஒரு பைக்கும் மோதி, பைக்கில் வந்த கொத்தனார் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். டெம்போ டிரைவரை அங்கேயே ஜனங்கள் அடித்து முகத்தைக் கிழித்துவிட்டார்கள். வழக்கும் அவர்மேல்தான். விசாரணைக்கு வீடியோ கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். இதில் யாரும் கைவைக்கவில்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அதனால் சாட்சி சொல்லவும் போக வேண்டியிருந்தது. மொத்தம் பதினோரு விநாடி. டெம்போவுக்குப் பச்சை. கொத்தனாருக்குச் சிவப்பு. அவர் ஒரு தடவை கையில் கட்டிய வாட்சைப் பார்க்கிறார், அப்புறம் கிளம்பிவிடுகிறார். பார்த்ததை அப்படியே சொன்னேன்.

டிரைவரை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சந்தோஷமாக இல்லை. கன்னத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. இப்போது வண்டி ஓட்டுவதில்லை, குழித்துறைச் சந்தையில் சுமை தூக்குகிறாராம். ஸ்டியரிங்கைப் பிடிக்க மனசு வரவில்லை என்றார். கொத்தனாரின் மனைவி வராந்தாவின் மறுகோடியில் நின்றார். தப்பு இறந்தவர் பக்கம் என்று ஆகிவிட்டதால் இழப்பீடு பெரிதாகக் கிடைக்காது என்று வக்கீல் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே எதிரே வந்தார்.

"அவரு செவப்புலதான் போனாரா மேடம்? மெசினு தப்பாக் காட்டாதா?" என்று கேட்டார். மூன்றையும் எட்டையும் குழப்பிக்கொள்கிற மெஷின்தான். ஆனால் இந்த வீடியோவை நான் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். "சிவப்புலதான்ம்மா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நீங்க நெசத்தத்தான் சொன்னிய, ஒங்களக் கொற சொல்லல. அந்த நெசத்த வச்சிக்கிட்டு நான் இனி என்ன செய்ய?"

உரக்கடை சிவதாணு

சிவதாணு என்று ஒருவர். உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர், நாற்பத்தைந்து வயசு. தினமும் காலையில் வயல்ரோடு வழியாக டவுனுக்கு வருவார். ஐந்து தடவை ஹெல்மெட் இல்லாமல் விழுந்துவிட்டார். கூப்பிட்டேன். மரியாதையாகப் பேசினார். ஹெல்மெட் போட்டால் கழுத்து வலிக்கிறது, பின்னால் வருகிற பஸ்ஸின் சத்தம் கேட்பதில்லை என்றார். "அஞ்சு தடவ ஒங்க மொகத்த பாத்துட்டேன் அண்ணாச்சி, ஆறாவது தடவ பாக்க எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் படம் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை, ஒரு மாசமும் வரவில்லை. நல்லதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கேமரா தப்பு செய்கிறவரை மட்டும்தான் எனக்கு அனுப்பும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போகிறவர் என் திரைக்கு வரமாட்டார். வண்டியை விற்றவரும் வரமாட்டார். விழுந்து படுக்கையில் கிடக்கிறவரும் வரமாட்டார். செத்துப்போனவரும் வரமாட்டார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். காலையில் அவர் வருகிற நேரத்துக்கு அவருடைய வண்டி நம்பரைக் கணினியில் தட்டிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ஒரு நாள் பேப்பரில், வயல்ரோட்டில் பைக்கில் போனவர் பலி என்று சின்னதாகப் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. அன்று நாற்காலியில் உட்கார முடியவில்லை.

கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார். சிவதாணு அண்ணாச்சி இருக்கிறாரா என்று கேட்டேன். "அவரு இல்லியே" என்றார். என் முகத்தைப் பார்த்து ஏட்டையா பயந்துபோய் எழுந்துவிட்டார். "குளிக்கப் போயிருக்காரு. இந்தா, வந்தாச்சு, குடுக்கேன்" என்றது அதே குரல். அவர் வந்தார். ஹெல்மெட் போடுகிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், கொஞ்சம் வருத்தமும்கூட. "அன்னையிலேருந்து ஒரு நாள் விடாம போட்டுட்டுத்தான் போறேன் மேடம். சிக்னல்ல நிக்கும்போ கேமராவப் பாத்து ஒங்களுக்குன்னு கைகூட காட்டுகேன், நீங்க பாக்கலியா?"

தப்பு செய்தால்தான் ஆளைக் காட்டுவார்கள் என்பதால், நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்த ஒருவரையும் பார்க்காமலேயே இந்த வேலையில் நான் பென்ஷன் வாங்கிவிடுவேன் போலிருக்கிறது.